ஸ்டாம்ப் நாட்டைச் சொல்லும்... முத்திரை ஊரைச் சொல்லும்! - புதுச்சேரியில் ஒரு விண்வெளித் தபால் நடை

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதி. ஒரு பக்கம் பெரிய மார்க்கெட்டின் மீன் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வரும். அதே வீதியில் கடலை நோக்கி நடந்தால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சுவர்களில் மஞ்சள் வண்ணம் கூடும். அங்கேதான் தலைமைத் தபால் நிலையம் இருக்கிறது.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டடத்தைக் கண்டுகொள்வதில்லை. செல்ஃபி எடுக்க கடற்கரை இருக்கிறது, பிரெஞ்சு வீதிகள் இருக்கின்றன. ஆனால், கவுன்ட்டருக்குப் பின்னால் 'டக்... டக்...' என்று மை தொட்டுக் குத்தும் முத்திரைச் சத்தத்தை ஒரு நிமிடம் நின்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் தபால் சேகரிப்பாளர்கள். அவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ராக்கெட் கிளம்பிய அதே நாளில், ஏவுதளத்துக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தப்பட்ட கவர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள்.

'ராக்கெட்டுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். இந்த ஊரின் பழைய டிரங்குப் பெட்டிகளில் அதற்கான பதில் இருக்கலாம். அதைப் பார்க்கும் முன், இந்த ஊரின் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரே ஊர், மூன்று எழுத்து

ரங்கப்பிள்ளை வீதி என்ற பெயருக்குக் காரணமானவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் தூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761 வரை நாள்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் யாரைப் பார்த்தார்கள், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாள், கிழமையோடு தமிழில் எழுதி வைத்தார். இன்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய புதுச்சேரியை நாம் தெரிந்துகொள்வது பெரிதும் அந்தக் குறிப்புகளால்தான்.

தபால் முத்திரையும் ஒரு வகை நாள்குறிப்புதான். இடம், தேதி, சில முத்திரைகளில் நேரம். இந்தத் தாள் இந்த நாளில் இந்த ஊரில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

புதுச்சேரியின் சாட்சிகள் கொஞ்சம் விசேஷமானவை. 1892-ல் 'பிரெஞ்சு இந்தியா' என்று பெயர் போட்ட ஸ்டாம்ப்கள் வந்தன. 1914-ல் பிரம்மாவின் உருவத்தோடு ஸ்டாம்ப் வெளியானது. 1923 முதல் விலையை 'ஃபனோன்', 'காஷ்' என்று அச்சடித்தார்கள். வேறொன்றுமில்லை, நம்முடைய 'பணம்', 'காசு' என்ற சொற்கள்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆகின. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஜெனரல் தெ கோலின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு முதல் ஸ்டாம்ப்களின் மேல் 'சுதந்திர பிரான்ஸ்' என்று கூடுதலாக அச்சடித்தார்கள்.

1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. தபால் நிலையத்தில் பழைய ஸ்டாம்ப்கள் போய் இந்திய ஸ்டாம்ப்கள் வந்தன.

முத்திரையில் ஊர்ப் பெயரும் மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் 'பாண்டிச்சேரி' என்பதை ஒரே ஒரு 'ஆர்' போட்டு எழுதினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு 'ஆர்'. 2006 அக்டோபரில் அதிகாரபூர்வமாக 'புதுச்சேரி' ஆனது. மூன்று எழுத்துமுறைகளிலும் முத்திரை விழுந்த கவர்களை வரிசையாக வைத்தால், ஊரின் அரசியல் வரலாறு ஒரு மேஜையில் அடங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1954 அக்டோபர் வரை ஸ்டாம்பைப் பார்த்தாலே கடிதம் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து வந்தது எனத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டாம்ப் 'இந்தியா' என்று மட்டும்தான் சொல்லும். ஊரைச் சொல்வது முத்திரை மட்டுமே. இந்தச் சின்ன வித்தியாசம்தான் விண்வெளிக் கவர் சேகரிப்பின் அடிப்படை.

சரியான இடம், சரியான நாள்

தபால் நிலையத்திலிருந்து கொஞ்ச நேர நடையில் பாரதி பூங்கா. பெஞ்சுகளில் வயதானவர்கள், புல்வெளியில் குழந்தைகள். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில்தான் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையை இடித்துத் தள்ளினார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம், சூரியனின் முகப்பை வெள்ளிக் கோள் கடந்து போகும் அபூர்வ நிகழ்வு வரவிருந்தது. அதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க பிரான்ஸிலிருந்து 1760-ல் கிளம்பியவர் கியோம் லெ ஜான்தீ என்ற வானியலாளர். அவருடைய கப்பல் நெருங்குவதற்குள் ஊர் ஆங்கிலேயர் வசம் போயிருந்தது. கப்பல் திரும்பியது. வெள்ளி சூரியனைக் கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். பார்த்தார். ஆனால், ஆடும் கப்பலில் துல்லியமாக அளக்க முடியவில்லை. அவர் இருந்த இடத்தின் கணக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பார்வையால் அறிவியலுக்குப் பயன் இல்லாமல் போனது.

அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்து 1769 ஜூன் 4-ம் தேதி. அவர் ஊர் திரும்பவில்லை. காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டார். குறிப்பிட்ட நாள் விடிந்தபோது மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் அடித்தது.

முதல் முறை நாள் சரியாக இருந்தது, இடம் தவறிவிட்டது. இரண்டாம் முறை இடமும் நாளும் சரியாக இருந்தும் வானம் கைகொடுக்கவில்லை. விண்வெளிக் கவர் சேர்ப்பவர்களுக்கு லெ ஜான்தீயின் தவிப்பு நன்றாகவே புரியும். அவர்களுடைய விதியும் அதுதான்: சரியான இடம், சரியான நாள். ஒன்று தப்பினாலும் அது வெறும் கவர்.

ஒரு கவர் எப்படி 'விண்வெளிக் கவர்' ஆகிறது?

1957 அக்டோபர் 4-ம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. ராக்கெட் அறிவியலின் முன்னோடி சியோல்கோவ்ஸ்கியின் நூற்றாண்டுக்காக சோவியத் தபால் துறை ஒரு ஸ்டாம்பை அதே வாரத்தில் வெளியிட்டது. நவம்பர் மாத இறுதியில் அதே ஸ்டாம்பின் மேல் ஸ்புட்னிக் பறந்த தேதியைக் கூடுதலாக அச்சடித்து மீண்டும் விற்றார்கள். விண்வெளித் தபால் சேகரிப்பு என்ற பொழுதுபோக்கு வேகமெடுத்தது.

அமெரிக்கா இன்னொரு படி மேலே போனது. 1962 பிப்ரவரி 20-ம் தேதி ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தார். அதற்கான ஸ்டாம்பை ரகசியமாக அச்சடித்து, சீல் வைத்த பொட்டலங்களில் 305 தபால் நிலையங்களுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். பயணம் நல்லபடியாக முடிந்த செய்தி வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்றே விற்பனைக்கு வந்தது. அன்றைய தேதியில் கேப் கனாவெரல் முத்திரை விழுந்த கவர்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

ஏவுதளத்துக்குப் பக்கத்துத் தபால் நிலையத்துக்கு, தன் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரை முன்கூட்டியே அனுப்பி வைப்பார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும்படி வேண்டுகோள் வைப்பார்கள். கவரின் இடது பக்கம் ராக்கெட் படம் அச்சாகியிருக்கும். அது அலங்காரம் மட்டுமே. உண்மையான மதிப்பு முத்திரையில் இருக்கிறது.

தோல்வியடைந்த நாளின் கவர்களுக்கும் தனி மவுசு உண்டு. எல்லோரும் கொண்டாட்டத்தைச் சேர்த்து வைப்பார்கள். தோல்வியைச் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பிக் கடலில் விழுந்தது 1979 ஆகஸ்ட் 10-ல். வென்றது 1980 ஜூலை 18-ல். இரண்டு தேதி முத்திரைகளையும் அடுத்தடுத்து வைத்தால்தான் அந்த வெற்றியின் கனம் தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'முதல் நாள் உறை' என்பது ஸ்டாம்ப் வெளியான நாளின் கவர். அது ராக்கெட் பறந்த நாளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம்முடைய முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது 1975 ஏப்ரல் 19-ல். அதற்கான 25 பைசா இந்திய ஸ்டாம்ப் வெளியானது மறுநாள். எஸ்.எல்.வி-3 வெற்றிக்கான ஸ்டாம்ப் ஓராண்டு கழித்து 1981 ஜூலை 18-ல் வந்தது. வீட்டில் இந்த உறைகள் இருந்தால், அவை ஸ்டாம்ப் பிறந்த நாளைச் சொல்பவை. ராக்கெட் பறந்த நாளைச் சொல்வது வேறு கவர்.

கோழியும் சேவலும் பறந்த கதை

ராக்கெட் கவர்களில் இந்தியா உலகத்துக்கே முன்னோடிகளில் ஒன்று. கொல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் தபாலை ராக்கெட்டில் அனுப்ப முடியும் என்று நம்பினார். வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கடிதமும் மருந்தும் போய்ச் சேரும் என்பது அவர் எண்ணம்.

1934 செப்டம்பர் 30-ம் தேதி, ஒரு கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி 143 கடிதங்களுடன் முதல் ராக்கெட்டை விட்டார். அது நடுவானிலேயே வெடித்துக் கடிதங்கள் சிதறின. ஸ்மித் அசரவில்லை. அடுத்த ஆண்டு சிக்கிம் மன்னரின் ஆதரவோடு மலைப்பகுதியில் தபால் ராக்கெட்டுகளை விட்டார். 1935 ஜூனில் தாமோதர் ஆற்றுக்கு மேலே ஒரு கோழியையும் சேவலையும் ராக்கெட்டில் வைத்து அனுப்பினார். பெயர் ஆதாம், ஏவாள். இரண்டும் உயிரோடு கரை சேர்ந்தன. பத்தாண்டுகளில் அவர் விட்ட ராக்கெட்டுகள் சுமார் 270. 1992-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அவர் ராக்கெட்டில் பறந்து விழுந்த கவர்கள் இன்று உலக ஏலங்களில் தேடப்படுகின்றன. ஓரம் கருகிய கவர் என்றால் மதிப்பு குறைவதில்லை. அந்தக் கருகலும் ஒரு முத்திரைதான்.

தும்பாவிலிருந்து கூரூவுக்கு

இப்போது பூங்காவிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வரலாம். பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, எதிரே முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்டவர்களின் நினைவுச்சின்னம். ஆண்டுதோறும் ஜூலை 14-ல் இங்கே மூவண்ண மாலைகள் வைக்கப்படுகின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஊரில் இன்றும் உண்டு. பிள்ளைகள் பாரிஸிலும், ரீயூனியனிலும், பிரான்ஸின் மற்ற கடல்கடந்த பகுதிகளிலும் வேலைபார்த்த குடும்பங்கள் அவை. அங்கிருந்து வந்த கடிதங்கள் இந்த ஊர் பீரோக்களில் கட்டுக் கட்டாக இருந்த காலம் உண்டு.

புதுச்சேரிக்கும் ராக்கெட்டுக்கும் இடையிலான இழை இதுதான். இந்திய விண்வெளிக் கதை தொடங்கியதே பிரான்ஸின் துணையோடு. 1963 நவம்பர் 21-ம் தேதி மாலை, திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது. அதற்குள் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸினுடையது. மாலை வானத்தில் அது செம்மஞ்சள் நிறத்தில் மேகமாக விரிந்தது. அதன் பின்னணியில் இருந்த பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பிளாமோனுக்கு 2015-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. பிரான்ஸின் 'சென்டார்' ராக்கெட்டை உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரிக்கவும் செய்தார்கள்.

பிரான்ஸ் தன் ராக்கெட்டுகளை முதலில் அல்ஜீரியப் பாலைவனத்திலிருந்து ஏவியது. 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றதால் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தென் அமெரிக்காவின் வடகரையில், பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள பிரெஞ்சு கயானாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்குள்ள கூரூ என்ற சிறு ஊரிலிருந்து 1968 ஏப்ரல் 9-ல் முதல் ராக்கெட் பறந்தது.

கயானா என்ற பெயர் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1850-களின் பிற்பகுதியிலிருந்து 1870-கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போன பலரைப் போலவே கயானா போனவர்களும் உண்டு. பலர் திரும்பவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வருமா? கப்பல் புறப்பட்ட நாளே அவர்களைப் பற்றிய கடைசிச் செய்தியாக நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ.

அந்தக் கயானாவுக்கு நூறாண்டு கழித்து இந்தியாவிலிருந்து வேறொரு பயணி போனது. அதன் பெயர் ஆப்பிள். இந்தியாவே உருவாக்கிய சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். பெங்களூரில் அதை ஒரு மாட்டு வண்டியில் வைத்துச் சோதனைக்குக் கொண்டுபோன புகைப்படம் இன்றும் எல்லோர் மொபைலிலும் சுற்றுகிறது. உலோக வண்டியாக இருந்தால் ஆன்டெனா சோதனையைக் குழப்பிவிடும் என்பதால்தான் மரவண்டி.

ஐரோப்பாவின் 'ஏரியான்' ராக்கெட் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. முதல் பயணம் 1979 டிசம்பர் 24-ல் வெற்றி. இரண்டாவது, 1980 மே மாதம் தோல்வி. மூன்றாவதில்தான் ஆப்பிளுக்கு இடம் கிடைத்திருந்தது. முந்தைய முறை கடலில் விழுந்த ராக்கெட்டின் மேல் நம் விஞ்ஞானிகளின் உழைப்பு ஏறி உட்கார்ந்தது. 1981 ஜூன் 19-ம் தேதி கூரூவிலிருந்து கிளம்பி, ஆப்பிள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சூரியத் தகடு விரியவில்லை. இருந்தும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தது. அடுத்த ஆண்டு அதே ஜூன் 19-ல் இந்தியா அதற்கு ஸ்டாம்ப் வெளியிட்டது.

டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கும்?

கயானாவுக்கென்று இன்று தனி ஸ்டாம்ப் கிடையாது. 1946-ல் அது பிரான்ஸின் ஒரு மாவட்டமாக ஆனது. அதன் பிறகு பிரான்ஸின் ஸ்டாம்பையே அங்கும் ஒட்டுகிறார்கள். பாரிஸிலிருந்து வந்த கடிதத்திலும், கூரூவிலிருந்து வந்த கடிதத்திலும் ஒரே ஸ்டாம்ப் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது வட்ட முத்திரைக்குள் இருக்கும் சின்ன எழுத்து மட்டுமே.

இப்போது நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். 'ஸ்டாம்ப் சேர்க்கிறேன்' என்று பிள்ளை சொன்னதும் பெரியவர்கள் பழைய கடிதங்களை எடுத்து, கத்தரிக்கோலால் மூலையை வெட்டிக் கொடுப்பார்கள். அல்லது தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்து, கவரைக் குப்பையில் போடுவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால், அந்த ஒரு வெட்டில் ஊர்ப் பெயர் போய்விடும், தேதி போய்விடும், யார் யாருக்கு எழுதினார்கள் என்பதும் போய்விடும். மிஞ்சுவது கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் ஒரு சாதாரண ஸ்டாம்ப்.

1981 ஜூன் 19 தேதியிட்டு, கூரூ முத்திரையோடு, புதுச்சேரி விலாசத்துக்கு வந்த ஒரு சாதாரணக் கடிதம் எங்காவது இருந்தால், ராக்கெட் படம் அச்சடித்த நூறு கவர்களைவிட அது அருமையானது. எழுதியவருக்கு ராக்கெட்டில் ஆர்வமே இல்லாமல் இருந்திருக்கலாம். 'இங்கே நலம், அங்கே நலமா' என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால், அந்தக் காகிதம் அன்று அந்த ஊரில் இருந்தது. முத்திரை சாட்சி. அதுபோலவே, 1963 நவம்பர் 21 தேதியிட்ட திருவனந்தபுரம் முத்திரைக் கடிதம் யார் வீட்டிலும் இருக்கலாம். தேதியைப் பார்த்தால்தானே தெரியும்!

பழைய வீடுகள் கைமாறும்போதும், இடிக்கப்படும்போதும் முதலில் வெளியேறுவது காகிதம்தான். கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதில் தப்பியவை ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில், பழைய புத்தகக் குவியல்களுக்கு நடுவே தலைகாட்டலாம். வீட்டிலேயே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பாதுகாக்க என்ன செய்யலாம்?

* ஸ்டாம்பை வெட்டவோ, ஊறவைக்கவோ வேண்டாம். கவரை முழுசாக, உள்ளே கடிதம் இருந்தால் அதோடு சேர்த்து வையுங்கள்.
* லாமினேஷன் கூடவே கூடாது. செலோடேப்பும் ஆகாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பாகிக் காகிதத்தை அரித்துவிடும்.
* விலை குறைந்த பி.வி.சி பிளாஸ்டிக் கவர்கள் மையையும் காகிதத்தையும் கெடுக்கும். அமிலமில்லாத தாளோ, பாலியெஸ்டர் உறையோ நல்லது.
* புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் ஈரப்பதம்தான் முதல் எதிரி. தரையோடு ஒட்டிய பெட்டியைத் தவிர்த்து, உயரமான அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துக் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம்.
* கவர்மேல் எதுவும் எழுதாதீர்கள். தனித் தாளில் 'இது யார், யாருக்கு எழுதியது' என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஏமாறாமல் இருக்க

மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். முத்திரைத் தேதிக்குப் பிறகு வெளியான ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் அது போலி. முத்திரையின் மை ஸ்டாம்பிலிருந்து கவருக்குத் தொடர்ச்சியாக ஓட வேண்டும், நடுவில் கோடு விட்டுப்போனால் சந்தேகப்பட வேண்டும். 'நிலாவுக்குப் போய் வந்தது' என்று யாராவது சொன்னால் ஆவணம் கேட்க வேண்டும்.

நிலாவுக்குப் போன கவர்களே பெரிய வம்பில் முடிந்த கதை உண்டு. 1971 ஜூலை 26-ல் கிளம்பிய அப்போலோ 15-ன் வீரர்கள், அனுமதியில்லாமல் சுமார் 400 கவர்களை நிலாவுக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வந்ததும் அவற்றில் நூறு கவர்கள் ஒரு ஜெர்மன் வியாபாரிக்குப் போயின. விஷயம் வெளியே வந்ததும் வீரர்கள் கண்டிக்கப்பட்டார்கள். அந்த மூவரும் அதன் பிறகு விண்ணுக்குப் போகவே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதை அப்போலோ 11-ல். ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் கிளம்பும் முன் கவர்களில் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். ராக்கெட் கிளம்பும் நாளிலும் நிலாவில் இறங்கும் நாளிலும் அவற்றில் முத்திரை குத்த ஏற்பாடு செய்தார்கள். தாங்கள் திரும்பாவிட்டால், அவற்றை விற்றுக் குடும்பம் பிழைக்கட்டும் என்ற எண்ணம். நல்லவேளை, அந்த அவசியம் வரவில்லை. ராக்கெட்டின் உச்சியில் உட்காரப் போகும் ஒருவர் வீட்டுக்காக விட்டுப் போனது ஒரு கட்டுக் காகிதம்.

குழந்தைகளுக்கு ஒரு வாசல்

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பிலாட்டலி பிரிவு உள்ள தபால் நிலையங்களில் 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்கு தொடங்கினால், புதிய ஸ்டாம்ப்களும் முதல் நாள் உறைகளும் வீடு தேடி வரும். 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு 'தீன்தயாள் ஸ்பர்ஷ்' என்ற திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகையும் தேர்வின் அடிப்படையில் உண்டு. அடுத்த ராக்கெட் கிளம்பும் தேதி தெரிந்தால், அன்று காலை உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் தாத்தா பாட்டிக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். முத்திரை தெளிவாக விழும்படி கவுன்ட்டரில் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். உள்ளே அன்று டிவியில் பார்த்ததை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஏவுதள முத்திரை இல்லைதான். ஆனால், முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கவர் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது!

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குடும்பம் குடும்பமாக நடக்கத் தொடங்கும். ஒரு காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்க, படகுகளில் தபால் மூட்டைகள் வந்து இறங்கிய கரை இது.

லெ ஜான்தீயின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. பதினோரு ஆண்டுகள் கழித்து 1771 அக்டோபரில் அவர் பிரான்ஸ் திரும்பினார். அவர் எழுதிய கடிதங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஆள் இறந்துவிட்டதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கிடக் கிளம்பியிருந்தார்கள். அறிவியல் அகாடமியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தான் உயிரோடு இருப்பதை அவரே வழக்காடி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் போதும், அத்தனையும் நடந்திருக்காது. உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் எங்கே இருக்கின்றன? இந்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருக்கும் அந்தப் பெட்டியை இறக்குங்கள். கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி போதும்.